பகா எண்: எதில் பகாது?

2147483647. நிரல் எழுதுபவர்களுக்கு இது பழகிய எண். கணினியின் 32 பிட்டில் (0, 1 என 32 இடங்களில்), கூட்டல்-கழித்தல் குறியோடு சேர்த்து எழுதக்கூடிய முழு எண்களில் இதுதான் ஆகப் பெரியது. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. பள்ளியில் 'பிரைம் நம்பர்' என்று படித்திருப்போம். தமிழில் பகா எண்.

'பிரைம்' என்பதன் வேர் லத்தீனில் 'முதல்' என்று பொருள்படும் சொல். கிரேக்கர்களும் 'முதல் எண்' என்றே அழைத்தார்கள். மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கி உண்டாவதால் இவை முதல். இலங்கைப் பாடநூல்களின் 'முதன்மை எண்' இந்த வழியில் வந்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வேறு பக்கம் போயின. பகு என்றால் பிரி. பகாத எண் என்பதில் ஈறு, அதாவது கடைசி எழுத்து, கெட்டால் பகா எண். நன்னூல் படித்தவர்களுக்கு உடனே பகுபதமும் பகாப்பதமும் நினைவுக்கு வரும். 'நடந்தான்' பகுதி, விகுதி என்று பிரியும், 'மரம்' பிரியாது. அதே மாதிரி 15, 3 × 5 என்று பிரியும், 17 பிரியாது.

என் ஓட்டு 'பகா'வுக்கே. 'முதன்மை' என்றால் எதில் முதன்மை என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். 'பகா'வில் வரையறையே சொல்லுக்குள் இருக்கிறது. ஒரே இடத்தில்தான் இடறும்: 1-உம் பகாது, ஆனால் அதைப் பகா எண் என்பதில்லை. சேர்த்துக்கொண்டால் 15-ஐ 1 × 3 × 5, 1 × 1 × 3 × 5 என்று எழுதிக்கொண்டே போகலாம். ஓர் எண்ணுக்குப் பகாக் காரணிகள் ஒரே விதமாகத்தான் அமையும் என்ற தேற்றம் நிற்காது.

சரி, 2147483647 பகாது என்று எப்படித் தெரிந்தது? 46340 வரை வகுத்துப் பார்த்தால் போதும்; காரணிகள் ஜோடியாக வரும், சின்னது இதைத் தாண்டாது. அதுவே கைக்கணக்கில் பெரும்பாடு. காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று சுவிஸ் கணித மேதை ஆய்லர் கண்டார். 372 எண்களைச் சோதித்தால் முடிந்தது. எதுவும் வகுக்கவில்லை என்று 1772-இல் அறிவித்தார்.

இப்படி இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்களுக்கு, பிரெஞ்சுத் துறவி மெர்சென் பெயரால் மெர்சென் எண்கள் என்று பெயர். வடிவத்தை மட்டும் நம்பக்கூடாது. 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89. எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் பகா எண் கிடைக்கும் என்று மெர்சென்னே 1644-இல் போட்ட பட்டியலில் 31 சரி, 67 தவறு. 67 இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைந்த அந்த 21 இலக்க எண்ணை, 193707721 × 761838257287 என்று 1903-இல் பகுத்துக் காட்டினார் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கோல்.