வெந்நீர் கொதிக்கும் வரை

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தூக்கமில்லை, படபடப்பு என்று வருபவர்களுக்கு நடுவே "எழுத வரலை" என்றும் சிலர் வருகிறார்கள்.

போன வருஷம் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தமிழாசிரியை வந்தார். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) கல்லூரிக் காலத்தில் சிறுகதைகள் எழுதியவர். இரண்டு வருஷமாக ஒரு பக்கம் நகரவில்லை. "உள்ள ஒண்ணுமே இல்ல மேடம், வத்திப்போச்சு" என்றார்.

தாளும் பேனாவும் கொடுத்து, காலையில் பஸ்ஸில் பார்த்ததை எழுதச் சொன்னேன். "முன் சீட்டில்" என்று எழுதினார், அடித்தார். "எனக்கு முன்னால்" என்று எழுதினார், அதையும் அடித்தார். பத்து நிமிடத்தில் ஏழு தொடக்கம், ஏழு அடித்தல். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது; வாளி மேலே வருவதற்குள் அவரே கவிழ்த்துவிடுகிறார். பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்திப் பழகிய கை, சொந்த வரியையும் விட்டுவைக்கவில்லை.

நான் பார்க்கும் தடைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். அவருக்குச் சொன்னது: தினமும் பத்து நிமிடம், அடிக்காமல், திரும்பிப் படிக்காமல் எழுதுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதுங்கள். நேரத்தை மட்டும், எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். அவர் வீட்டில் இன்னும் விறகடுப்புதான். குளிக்கத் தண்ணீரை அடுப்பில் ஏற்றியதும் நோட்டைத் திறப்பது, கொதித்ததும் மூடுவது என்று முடிவானது.

"மூடு வந்தாத்தானே எழுத்து வரும்?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983-இல் 27 கல்லூரி ஆசிரியர்களை வைத்து இதைச் சோதித்தார். தோன்றும்போது எழுதியவர்களைவிட, கட்டாயத்தின் பேரில் நாள்தோறும் எழுதியவர்களுக்கே புதிய யோசனைகள் அதிகம் வந்தன. எழுதாவிட்டால், தங்களுக்குப் பிடிக்காத அமைப்புக்குப் பணம் போய்விடும் என்பது அவர்களுக்கு வைத்த நிபந்தனை! நான் அவ்வளவு தூரம் போவதில்லை.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்வதை நம்பாதீர்கள். நம்மூர் மண்டலக் கணக்கு 48 நாள். லண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளிவந்த ஆய்வில் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதகமில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆசிரியைக்கு இதை விளக்க ஆய்வு தேவைப்படவில்லை, எங்கள் ஊர் சூரிய ஆய்வகமே போதுமாயிருந்தது. 1904 முதல் அங்கே நாள்தோறும் சூரியனைப் படமெடுக்கிறார்கள். மேகம் மூடினால் அன்றைக்குப் படமில்லை. மறுநாள் வெயில் வந்தால் மறுபடி எடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எழுத்தோடு சேர்ந்து சாப்பாடு, தூக்கம், மனிதர்கள் எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் கசந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நோட்டு போதாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் 14416 எண்ணுக்கு அழையுங்கள், கட்டணமில்லை.

மூன்று மாதம் கழித்து ஆசிரியை நோட்டோடு வந்தார். பக்க ஓரங்களில் கரிக்கை ரேகை. "கதை ஏதாச்சும் வந்துச்சா?" என்றேன். ஒன்று பாதியில் நிற்கிறதாம், பஸ்ஸின் முன் சீட்டில் சேவலோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியைப் பற்றி. நோட்டைப் புரட்டினேன். ஒன்பது பக்கங்களில் தேதிக்குக் கீழே ஒரே சொல்தான் இருந்தது: "மேகம்."