கெட்ட கனவு வந்தால் கெட்ட ஆசை என்று யார் சொன்னது?

மனநல ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களில் இந்தக் கேள்வியோடு வந்தது இந்த வருஷத்தில் இது மூன்றாவது. முதுகலை ஆங்கிலம் படிக்கும் பெண், குடியாத்தம் பக்கம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பா இறந்து ஐந்து மாதம். கனவில் வருகிறார். நனைந்த சட்டையோடு வாசலில் நிற்கிறார், வாயைத் திறந்தால் பேச்சு வருவதில்லை. இவள் அலறிக்கொண்டு எழுகிறாள்.

கனவுக்காகக்கூட அவள் என்னிடம் வரவில்லை. நோட்டைப் பிரித்து, சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்ட ஒரு வரியைக் காட்டினாள்: பயம் என்பது அடக்கிவைத்த ஆசையின் மாறுவேடம். "அப்போ எங்கப்பா சாகணும்னு நான்தான் ஆசைப்பட்டேனா மேடம்?"

பக்கத்தில் அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திகில் கதைகளை உளப்பகுப்பாய்வு வழியாக, அதாவது மனதின் அடியில் மறைந்திருப்பதைத் தேடிப் படிக்கும் பாடத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பாடம் அது. ஒரே மனிதருக்குள் நல்லவரும் கெட்டவரும் இருக்கும், 1886இல் வந்த ஜெக்கில்-ஹைடு கதையை அப்படிப் படித்தால் கதை ஆழமாகும். கோபமெல்லாம் அந்த ஒரு வரி மேல்தான். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு பெயரைச் சொல்லி எழுதிக்கொடுக்கிறார்கள், அவர் எழுதியதைப் படிப்பதில்லை.

திகில் பற்றி அவர் 1919இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். பழகியதே அந்நியமாகி மிரட்டுவதைப் பற்றியது. ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மனின் மணல்மனிதன் கதையை அதில் அலசுகிறார். கண்ணைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நடுங்கும் கதாநாயகனிடம் அவர் பார்ப்பது குழந்தைப் பருவத்து அச்சத்தை. கண் போகவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டதாகச் சொல்லவில்லை.

அதோடு, திகிலுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு என்கிறார். ஒன்று, சின்ன வயதில் அடங்கிப்போனவை திரும்புவது. இன்னொன்று, நாம் கைவிட்டதாக நினைக்கும் பழைய நம்பிக்கைகள்: செத்தவர்கள் திரும்பி வருவார்கள், மனதில் நினைத்தால் பலித்துவிடும். அவருடைய நோயாளி ஒருவர், தான் கேட்ட அறையில் வேறொரு முதியவர் தங்கியிருப்பதைப் பார்த்து எரிச்சலில் 'சாகட்டும்' என்றாராம். இரண்டு வாரத்தில் முதியவருக்குப் பக்கவாதம். நோயாளி மிரண்டுபோனார். நம் ஊரில் கருநாக்கு என்போமே, அதேதான். 'நான் ஆசைப்பட்டதால் அப்பா செத்தார்' என்ற பயமும் இந்த வகை. ஃப்ராய்டு அதை விளக்கினாரே தவிர, உண்மை என்று சொல்லவில்லை.

அப்புறம் 1920இல், போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களின் கொடுங்கனவுகளைப் பார்த்து, கனவெல்லாம் ஆசைநிறைவு என்ற தன் விதிக்குள் இவை அடங்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். நூறு வருஷமாகிவிட்டது. நோட்ஸில் இன்னும் பழைய விதிதான் ஓடுகிறது!

மேரி ஷெல்லி குறைமாதத்தில் பிறந்த மகளை 1815இல் பறிகொடுத்தார். குழந்தைக்கு வெறும் குளிர்தான், தீயருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது என்று கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மூன்று வருஷம் கழித்து, உயிரில்லாத உடலுக்கு உயிர் கொடுப்பதைப் பற்றிய அவருடைய ஃப்ராங்கன்ஸ்டைன் நாவல் வந்தது. அந்தக் கனவில் எந்தக் கெட்ட ஆசையைத் தேடுவீர்கள்?

மாணவர்களே, கதாபாத்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அலசுங்கள். தோழியின் கனவை விடுதி அறையில் வைத்து அலசாதீர்கள். கனவு கண்டவர் வாய் திறந்து சொல்லாமல் அதற்குப் பொருள் சொல்லவே கூடாது, இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. துக்கம் ஆறும்வரை ராத்திரி இரண்டு மணிக்கு டிராகுலா வேண்டாம், பகலில் படியுங்கள். ஆசிரியர்களே, அந்த ஒரு வரியை மட்டும் நோட்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. பெற்றவர்களுக்கு: தாயத்து கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். வர முடியாவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

அந்தச் சட்டை ஏன் நனைந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது முறை வந்தபோது அவளே சொன்னாள். அன்றைக்கு மழை. காட்பாடி ஸ்டேஷனில் நின்ற இவளைக் கூட்டிப்போக வண்டியில் வந்தார். வழியில்தான் நெஞ்சுவலி. "குடை எடுத்துட்டு வாங்கன்னு சொல்ல மறந்துட்டேன் மேடம்" என்றாள். அன்று நாங்கள் வேறெதுவும் பேசவில்லை.

அடுத்த வாரம் வரும்போது, ஃப்ராங்கன்ஸ்டைன் பற்றி அவள் பாதியில் நிறுத்திய கட்டுரையையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.