எதோடு ஒப்பிட்டார்கள்?

1998-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர்கள் மூன்று குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மூவருக்கும் ஆட்டிசம், கூடவே வயிற்றுக் கோளாறு. கணையம் சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்க, செக்ரிடின் என்ற ஹார்மோனை அவர்களுக்குச் செலுத்தியிருந்தார்கள். சில வாரங்களில் வயிறு சீரானது மட்டுமல்லாமல், குழந்தைகள் முகம் பார்த்தார்கள், கூடுதலாகப் பேசினார்கள் என்றது அறிக்கை. செய்தி தொலைக்காட்சியில் வந்ததும் பெற்றோர் செக்ரிடினைத் தேடி அலையத் தொடங்கினார்கள். பொருள் ஒன்றும் புதிதல்ல. 1902-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் கண்டறிந்தது. ஹார்மோன் என்று அடையாளம் காணப்பட்டவற்றில் முதலாவது.

ஒருசில நோயாளிகளுக்கு நடந்ததை அப்படியே எழுதிவைக்கும் இத்தகைய பதிவை ஆய்வுலகில் தனிநபர் அறிக்கை என்பார்கள். அது பொய் என்று பொருளல்ல. ஊசி போட்ட பிறகு என்ன நடந்தது என்பதை அது சொல்லும். ஊசி போடாமலே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அதனால் சொல்ல முடியாது. ஆட்டிச ஆய்வுகளில் அடிபடும் கலைச்சொற்களில் பாதி, இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடப் பிறந்தவைதான்.

அந்த விடையை மறு ஆண்டே வட கரோலினாவில் ஒரு குழு தேடியது. அறுபது குழந்தைகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போட்டதுபோல, இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் செக்ரிடின் ஒரு முறை. மற்றதற்கு உப்புநீர் ஒரு முறை. இரண்டாவதுதான் கட்டுப்பாட்டுக் குழு. அவர்கள் பெற்ற வெற்று மருந்து பிளாசிபோ. யாருக்கு எது போனது என்பது பெற்றோருக்கும் தெரியாது, குழந்தையை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. இதற்கு இரட்டை மறைப்பு என்று பெயர்.

நான்கு வாரம் கழித்து, நடத்தைக் குறைபாடுகளை அளக்கும் ஒரு பட்டியலில் செக்ரிடின் குழுவின் சராசரி மதிப்பெண் 8.9 குறைந்திருந்தது. அதில் எண் குறைந்தால் குழந்தை தேறுகிறது என்று பொருள். செக்ரிடின் வேலை செய்ததோ என்று கேட்பதற்குள் அடுத்த எண்ணைப் பாருங்கள்: உப்புநீர் குழுவில் அது 17.8 குறைந்திருந்தது.

உப்புநீருக்கு அப்படி என்ன மகிமை? ஒன்றுமில்லை. முதல் காரணம், குழந்தை வளர்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையும் ஒரு மாதத்தில் புதியதைக் கற்கும். அந்த மாதம் எந்தச் சிகிச்சை நடந்ததோ, பெருமை அதற்குப் போய்விடும். இரண்டாவது, பெற்றோர் புதிய சிகிச்சையைத் தேடுவது பெரும்பாலும் நிலைமை மிக மோசமாக இருக்கும் நாட்களில். அலறலும் தூக்கமின்மையும் ஏறி இறங்கும் இயல்புடையவை. உச்சத்தில் அளந்தால் அடுத்த அளவீடு பெரும்பாலும் இறங்கியே இருக்கும். புள்ளியியலில் இதைச் சராசரி நோக்கிய திரும்பல் என்பார்கள். மூன்றாவது, நம்பிக்கை. மருந்து போயிருக்கிறது என்று எண்ணும் தாய், நேற்றும் நடந்திருக்கக்கூடிய ஒரு புன்னகையை இன்று கவனிக்கிறாள். இதில் அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை. மனிதர் யாரும் அப்படித்தான் பார்ப்போம். ஆட்டிசத்தை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. பார்ப்பவரின் மதிப்பீடே அளவுகோலாக இருப்பதால் மறைப்பு இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அப்படியானால் உப்புநீரே மேல் என்று சொல்லலாமா? அதுவும் கூடாது. அந்த வேறுபாட்டுக்கு அவர்கள் கணக்கிட்ட பி-மதிப்பு 0.11. இரு ஊசிகளுக்கும் இடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவு அல்லது அதைவிடப் பெரிய இடைவெளி தற்செயலாக நூற்றுக்குப் பதினொரு முறை வரும். ஐந்துக்குக் கீழே போனால்தான் ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவது வழக்கம். பின்னர் பதினாறு சோதனைகளை, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒன்றாகத் தொகுத்த முறைசார் மீளாய்வும் செக்ரிடினுக்குச் சான்றில்லை என்றே முடித்தது. முடிவைச் சொன்ன பிறகும், வட கரோலினா ஆய்வில் பங்கேற்ற பெற்றோரில் 69 சதவீதம் பேர் செக்ரிடினில் ஆர்வம் குறையாமல் இருந்தார்கள். கைவசம் வேறு என்ன இருந்தது அவர்களுக்கு?

சமவாய்ப்பு இல்லாவிட்டால் என்ன குழப்பம் வரும் என்பதற்கு லோவாஸ் என்ற உளவியலாளரின் 1987-ஆம் ஆண்டு ஆய்வைப் பார்க்கலாம். ஏ.பி.ஏ. எனப்படும் நடத்தைப் பயிற்சிக்கு அடித்தளமாக இன்றும் காட்டப்படுவது அது. வாரம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெற்ற 19 பேரில் 9 பேர் சராசரி அறிவுத்திறன் எண்ணோடு சாதாரணப் பள்ளி வகுப்பில் தேறினார்கள். எண் கவர்ச்சியானது. ஆனால் யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. பயிற்சியாளர் கிடைக்கிறாரா என்பதே தீர்மானித்தது. குழந்தையின் தொடையில் அடிப்பதும் அன்று பயிற்சியின் பகுதியாக இருந்தது. வகுப்பில் மற்றவர்போல் உட்கார்வதுதான் முன்னேற்றமா என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று கேட்கிறார்கள். எதை அளந்தார்கள் என்பதும் ஆய்வின் பகுதிதான். அதை விளைவு அளவீடு என்பார்கள்.

அங்கேதான் இன்னொரு சொல் இடறுகிறது: மையக் கூறுகள். சமூகத் தொடர்பில் உள்ள வேறுபாடு, திரும்பத் திரும்ப வரும் செயல்கள், குறுகிய ஆர்வங்கள் ஆகியவை ஆட்டிசத்தின் மையக் கூறுகள். ரிஸ்பெரிடோன் என்ற மருந்து 2006-லும் அரிபிப்ரசோல் என்ற மருந்து 2009-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இவற்றுக்காக அல்ல. கடும் எரிச்சல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்ற கூடவே வரும் தொல்லைகளுக்காக. ‘ஆட்டிசத்துக்கு மருந்து வந்துவிட்டது’ என்று தலைப்பிடும் செய்திகள் இந்த இடத்தை நழுவவிடுகின்றன.

ஆனால் ரிஸ்பெரிடோன், செக்ரிடினைப் போல் வெறுங்கையோடு திரும்பவில்லை. 2002-இல் வெளியான சோதனையில் 101 குழந்தைகளை எட்டு வாரம் கவனித்தார்கள். எரிச்சல் மதிப்பெண் மருந்துக் குழுவில் 56.9 சதவீதமும் பிளாசிபோ குழுவில் 14.1 சதவீதமும் குறைந்தது. அந்த 14.1-ஐக் கழித்துவிட்டுத்தான் மருந்தின் பங்கைப் பேச வேண்டும். பக்கவிளைவுக்கும் அதே கணக்குதான்: மருந்து பெற்றவர்களின் எடை அந்த எட்டு வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ கூடியது, பிளாசிபோ பெற்றவர்களுக்கு 0.8 கிலோ.