பயோஇங்க்: உயிரணு மை

உயிருள்ள திசுவை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட உதவும், உயிரணு கலந்த கூழே பயோஇங்க். அதைத் தமிழில் ‘உயிர்மை’ என்று எழுதுவோர் உண்டு. அழகான சொல்தான். ஆனால் கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி முடித்தவர் காதில் அது ‘உயிர்மெய்’ என்றே விழும். ‘உயிரிமை’ என்றால் இளமை, பெருமை வரிசையில் அதையும் ஒரு பண்புப்பெயராகப் படித்துவிடுவோம். ‘உயிரணு மை’ என்று பிரித்து எழுதுவதே நல்லது. இத்துறையின் வரையறையும் இதையே கேட்கிறது.

‘பயோஸ்’ கிரேக்கத்தில் வாழ்வு. ‘இங்க்’ வந்த வழி சற்று நீளம்: சுட்டுப் பதித்தது என்ற பொருளுள்ள ‘என்காஸ்டன்’ என்னும் கிரேக்கச் சொல், லத்தீனில் பேரரசர்கள் கையொப்பமிடும் செந்நீல மைக்குப் பெயராகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சேர்ந்தது. நம் மை கருமையைக் குறித்தது. ‘சிவப்பு மை’ என்று சொல்லத் தொடங்கியபோதே நிறம் கழன்றுவிட்டது. நிறமில்லாத கூழுக்கும் அச்சொல் தாராளமாகப் பொருந்தும்.

2003 வாக்கில் உறுப்பு அச்சிடல் ஆய்வுகளில் பயோஇங்க் என்ற சொல் புழங்கத் தொடங்கியபோது, மை என்றது உயிரணுக்களை. அவை பதியும் ஹைட்ரோஜெல்லுக்கு, அதாவது நீர் நிறைந்த கூழுக்கு, ‘பயோபேப்பர்’ என்று தனிப்பெயர். பிறகு கூழையே மை என்று விற்கும் வழக்கம் பரவியது. 2018இல் யூர்கன் க்ரோலும் உடன் ஆய்வாளர்களும் கோடு போட்டார்கள்: உயிரணு கலந்திருந்தால்தான் பயோஇங்க், இல்லையேல் அது உயிரிப்பொருள் மை. ஆகவே குளிர்பெட்டியில் இருக்கும் புட்டியை இப்பெயரால் அழைப்பது அவசரம். கலந்த பிறகே அது உயிரணு மை.

பரவலான கலவை ஆல்ஜினேட்டும் ஜெலட்டினும். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. நம் வீட்டு அகர் அகரும் கடற்பாசிதான், ஆனால் சிவப்பு வகை. அதை உருக்க 85 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆல்ஜினேட்டோ கால்சியம் பட்டதும் சூடில்லாமலே உறையும்.

10 மில்லிலிட்டருக்கு 0.8 கிராம் ஜெலட்டினை முதலில் 40 பாகையில் கரைத்து, 0.3 கிராம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். கரைப்பானாகப் பாஸ்பேட் உப்புநீரைத் தவிர்க்கலாம்: உறையவைக்கும்போது கால்சியத்தைப் பிடித்து வெண்படிவாக்கும். அமிலநிலையைச் சீராக வைக்கும் ஹெப்பிஸ் கலந்த உப்புநீர் பாதுகாப்பு. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த ஜெலட்டின் தூள் நீரை இழுத்து எடையைப் பொய்யாக்கும். உலர்கலத்தில் வைத்து எடுங்கள். ஏ வகை ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித்தோல், பி வகை பெரும்பாலும் மாடு. மலேசியாவில் மூலத்தைக் கேட்டுவிட்டு வாங்குவதே முறை. மீன் ஜெலட்டின் உண்டு. குளிர்நீர் மீனுடையது அறைவெப்பத்தில் உறையாது என்பதால் அச்சுக்கு அடங்காது.

கிருமி நீக்க அழுத்தக் கொதிகலத்தில் வைத்தால் ஆல்ஜினேட்டின் சங்கிலிகள் அறுந்து கூழ் இளகும். கெட்டியான கலவை 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் இறங்காது. நீர்த்த நிலையிலேயே வடிகட்டி, உறைநிலையில் உலர்த்திய தூளை வைத்துக்கொள்வது ஒரு வழி.

உயிரணுக்கள் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை. அவற்றைச் சுமந்து வரும் ஊட்டநீரைக் கலவையின் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தாவிட்டால் கூழ் தளரும். இரண்டு ஊசிக்குழல்களை இணைப்பியால் பொருத்தி மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிக் கலக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் குமிழிகள் புகும், அவை முனையிலிருந்து வரும் இழையை இடையில் அறுக்கும். குழலை 20–25 பாகையில் நிறுத்தினால் 22 கேஜ் முனையில், அதாவது 0.41 மில்லிமீட்டரில், சீராக வரும். குளிர்சாதனம் நின்று 30 பாகை ஆனால் தண்ணீராய் ஒழுகும். மிகக் குளிர்ந்தால் துண்டு துண்டாக வரும். மெல்லிய இழைக்கு ஆசைப்பட்டு 27 கேஜுக்குப் போனால் அழுத்தம் ஏறும், உரசலில் உயிரணுக்கள் சாகும். இழையின் அழகை மட்டும் பார்த்து மதிப்பிடுவது இத்துறையின் பழைய நோய்.

அச்சிட்டதும் 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் 5 நிமிடம். இருநீர் உப்பானால், அதாவது இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வகையானால், 100 மில்லிலிட்டருக்கு 1.47 கிராம். அதிலேயே ஊறவிட்டால் உயிரணுக்கள் வாடும். எடுத்துக் கழுவி, ஊட்டநீரோடு 37 பாகை வளர்ப்புப் பெட்டிக்கு மாற்றுங்கள். அங்கே ஜெலட்டின் உருகி ஊட்டநீரில் கரைந்து வெளியேறும், ஆல்ஜினேட் மட்டும் எஞ்சும். அதில் உயிரணு பற்றிக்கொள்ள இடமில்லை; உருண்டு கிடக்கும். பற்றவைக்க, உயிரணு பிடித்துக்கொள்ளும் சிறு புரதத் துண்டான ஆர்ஜிடி பெப்டைட் இணைத்த ஆல்ஜினேட் வேண்டும், அல்லது ஒளியில் இறுகுமாறு மாற்றிய ஜெலட்டினான ஜெல்மா.