அமெரிக்க சிபிஎல்லை ஐரோப்பிய சிபிஎல் ஆக்குவது: பணம் கட்டும் முன் படிக்க

ஃபுளோரிடாவிலோ அரிசோனாவிலோ பறந்து, அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் சிபிஎல் (சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம்) வாங்கியவர்களிடம் ஏஜென்ட்கள் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள்: "ஐரோப்பாவுக்குப் போய் மாத்திக்கலாம், சின்ன கன்வர்ஷன்தான்." இதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டியவர்கள், பாதி வழியில் நின்றபின் என்னிடம் வந்து, பறந்த மணிகளை எழுதிவைக்கும் லாக்புக்கைக் காட்டுவார்கள். கமிஷன் கைக்கு வந்தபின் ஏஜென்ட் போன் எடுப்பதில்லை.

சட்டம் சுருக்கமானதுதான். 2020/723 என்ற ஐரோப்பிய விதிப்படி, வேற்று நாட்டு சிபிஎல் வைத்திருப்பவர், பைலட் உரிமங்களுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான பார்ட்-எஃப்சிஎல் கேட்கும் எல்லாத் தகுதிகளையும் காட்ட வேண்டும். சலுகை ஒன்றுதான்: பயிற்சிக் காலம், பாடங்களின் எண்ணிக்கை, பறக்கும் பயிற்சி மணிகள் ஆகியவற்றைக் குறைக்கலாம். அதையும் ஏடிஓ எனப்படும் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி பரிந்துரைக்க வேண்டும், உரிமம் தரும் நாட்டின் விமானத் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வுகள், மெடிக்கல், பறந்து காட்டும் ஸ்கில் டெஸ்ட் எதிலும் தள்ளுபடி இல்லை.

"அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒப்பந்தம் போட்டுவிட்டதே?" என்று கேட்பீர்கள். போட்டார்கள். டிப்-எல் என்ற அந்த ஏற்பாடு 2021 மே 18 முதல் நடப்பில் இருக்கிறது. அது பிபிஎல் (சம்பளமின்றிச் சொந்தமாகப் பறக்கும் உரிமம்), இரவுப் பறத்தல், பிஸ்டன் இன்ஜின் கிளாஸ் ரேட்டிங், ஐஆர் எனப்படும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. சொந்தச் செலவில் பறக்கிறவர்களுக்கு நல்ல வழி. சிபிஎல்லும், ஏர்லைன் கேப்டனுக்கான ஏடிபிஎல்லும் அதில் இல்லை. விளம்பரத்தில் "புதிய ஒப்பந்தப்படி எளிய மாற்றம்" என்று பார்த்தால், எந்த உரிமத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வேலிடேஷன் என்று ஒரு தாள் காட்டுவோரும் உண்டு. அது உங்கள் அமெரிக்க உரிமத்துக்கு அதிகபட்சம் ஒரு வருடம் தரப்படும் தற்காலிக அனுமதி. ஐரோப்பிய உரிமம் அல்ல.

அதிகம் பேர் அடிபடுவது லாக்புக்கில். ஐரோப்பிய சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி வேண்டும். எஃப்ஏஏவின் பொதுப் பயிற்சி விதியான பார்ட் 61 வழியில் வந்தவரிடம் 250 மணி இருக்கும், அதனால் கவலையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டத்தில் நடக்கும் பார்ட் 141 பள்ளியில் 190 மணியிலேயே சிபிஎல் கிடைக்கும், அவர்களுக்கு மொத்தமே இடிக்கும். இரு தரப்புக்கும் பெரிய சிக்கல் அந்த 200க்குள் இருக்க வேண்டிய 100 மணி பிஐசி, அதாவது நீங்களே கேப்டனாகப் பறந்த நேரம்.

ஒரு மாணவரின் பக்கத்தைச் சொல்கிறேன். செஸ்னா 172, ஒரு மதியம், 1.8 மணி. "டூயல்" (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த நேரம்) பத்தியில் 1.8, "பிஐசி" பத்தியிலும் 1.8. அடுத்த வரியும் அப்படியே, அதற்கடுத்ததும். அமெரிக்க விதி 61.51 இதை அனுமதிக்கிறது: அந்த வகை விமானத்துக்கு ரேட்டிங் உள்ளவர், கன்ட்ரோலைத் தனியாகக் கையாண்ட நேரத்தைப் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருந்தாலும் பிஐசி என்று எழுதிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக்கொடுத்த நேரம் டூயல் மட்டுமே. ஐரோப்பிய அதிகாரி பேனாவை எடுத்து பிஐசி பத்தியை வரிவரியாக அடித்துக்கொண்டே போவார். அந்த மாணவர் தப்பு எதுவும் செய்யவில்லை, பள்ளி சொன்னபடி எழுதினார். ஆனால் அடித்து முடித்தபோது நூறுக்கு வெகு கீழே நின்றார்.

சேஃப்டி பைலட் நேரமும் இப்படித்தான். இரண்டு நண்பர்கள் ஒரே விமானத்தில் ஏறி, ஒருவர் வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் ஹுட் மாட்டிக்கொண்டு பறக்க, மற்றவர் வெளியே பார்த்துக்கொள்ள, இருவரும் அந்த மணியை பிஐசி என்று எழுதுவது அமெரிக்காவில் வழக்கம். செலவைப் பாதியாக்கி மணியைச் சேர்க்க அதுதான் மலிவான வழி என்று பள்ளிகளே சொல்லித்தருகின்றன. ஐரோப்பாவில் ஒரு விமானம் பறந்த ஒரு மணிக்கு ஒரு கேப்டன்தான் உண்டு.

அப்புறம் நீண்ட கிராஸ்-கன்ட்ரி, அதாவது ஊர்விட்டு ஊர் பறப்பது. ஐரோப்பியர்கள் கேட்பது கேப்டனாக 20 மணி கிராஸ்-கன்ட்ரி. அதில் ஒன்று 540 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம், கிளம்பிய இடம் தவிர இரண்டு விமான நிலையங்களில் முழுமையாக நின்று இறங்கியிருக்க வேண்டும். அமெரிக்க சிபிஎல்லுக்கும் 300 நாட்டிக்கல் மைல் பயணம் உண்டுதான். ஆனால் அங்கே அதை இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் செய்யலாம். இன்ஷூரன்ஸுக்காகப் பல பள்ளிகள் அப்படித்தான் செய்யவைக்கின்றன. அப்படிப் போனது ஐரோப்பாவில் உங்கள் பிஐசி கிராஸ்-கன்ட்ரி ஆகாது. ராத்திரி ஐந்து தடவை தனியாக ஏறி இறங்க வேண்டும் என்பதிலும் இதே கதைதான்.

ஆகவே இன்னும் அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன் லாக்புக்கை ஐரோப்பியக் கண்ணால் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். இன்ஸ்ட்ரக்டர் இருந்த வரிகளின் பிஐசியைக் கழியுங்கள், சேஃப்டி பைலட் வரிகளைத் தனியே எடுங்கள். குறைகிற மணியை அங்கேயே தனியாகப் பறந்து முடியுங்கள். ஐரோப்பாவில் எரிபொருளும் தரையிறங்கும் கட்டணமும் சேர்ந்து அதே மணியின் விலை எங்கோ போய்விடும். பயிற்சிப் பதிவேட்டின் நகலைப் பள்ளியின் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டால் பழைய மாணவனுக்குப் பதில் போட அங்கே ஆள் இருக்காது. இன்னொன்று: 1.8 என்பது 1 மணி 48 நிமிடம். அதை 1:80 என்று மாற்றி எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதிகாரி ஒரு தப்பைக் கண்டால் மொத்தப் புத்தகத்தையும் சந்தேகிப்பார்.

மெடிக்கலை எல்லாவற்றுக்கும் முன்னால் முடியுங்கள். எஃப்ஏஏ முதல் வகுப்பு மெடிக்கல் ஐரோப்பாவில் செல்லாது. ஐரோப்பிய கிளாஸ் 1 முதல் தடவை எடுக்கும்போது, தனி டாக்டரிடம் போனால் ஆகாது, ஏரோமெடிக்கல் சென்டருக்குத்தான் போக வேண்டும். வண்ணப் பார்வைக்கு இஷிஹாரா அட்டைகளில் முதல் 15ஐயும் பிழையில்லாமல் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்சோதனை. அமெரிக்காவில் விசேஷ அனுமதி பெற்று பறந்தவர்கள் பலருக்கு அந்த அனுமதி இங்கே உதவாது. பதின்மூன்று எழுத்துத் தேர்வும் எழுதி முடித்துவிட்டுக் கண்ணில் தோற்பதைவிட, முதல் மாதமே தெரிந்துகொள்வது மேல்.

அந்த மெடிக்கல் படிவத்தின் முதல் கட்டத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. "உரிமம் வழங்கும் நாடு" எது என்று கேட்பார்கள். வரவேற்பறையில் அவசரமாக, மெடிக்கல் நடக்கிற நாட்டின் பெயரையே எழுதிவிடுவார்கள். ஐரோப்பிய விதிப்படி உங்கள் மருத்துவக் கோப்பும் உரிமமும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். ஸ்பெயின் என்று எழுதிவிட்டு ஆஸ்திரியாவில் உரிமம் கேட்டால், கோப்பை இங்கிருந்து அங்கே மாற்றுங்கள் என்பார்கள். இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருக்க, மாதங்கள் ஓடும். எந்த நாட்டு உரிமம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மெடிக்கலுக்குப் போங்கள்.

"ஈயாசா உரிமம்" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாவின் கொலோன் தலைமையகம் தனிநபருக்கு பைலட் உரிமம் கொடுப்பதில்லை. ஜெர்மனியில் எல்பிஏ, ஆஸ்திரியாவில் ஆஸ்ட்ரோ கன்ட்ரோல், ஸ்பெயினில் ஏசா என்று அந்தந்த நாட்டுத் துறைதான் கொடுக்கும். ஸ்விட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. பிரிட்டன் இல்லை. 2020 டிசம்பர் 31உடன் அது வெளியே போய்விட்டது. ஆங்கிலத்தில் படிக்கலாம் என்பதற்காக லண்டன் பக்கம் சேருகிறவர்கள், எழுதப்போவது பிரிட்டிஷ் தேர்வா ஐரோப்பியத் தேர்வா என்று பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் நடத்துகிற பள்ளிகள் இருக்கின்றன, கட்டண ரசீதில் வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவிலேயே ஐரோப்பியப் பயிற்சி தருவதாகச் சொல்லும் பள்ளியானால், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலை ஈயாசா வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

எழுத்துத் தேர்வுக்கு வருவோம். ஏர்லைன் வேலைதான் குறி என்றால் ஏடிபிஎல் பாடங்கள் பதின்மூன்றையும் எழுதுங்கள். சிபிஎல் அளவுத் தேர்வு மட்டும் எழுதினாலும் சட்டப்படி உரிமம் கிடைக்கும், ஆனால் பிறகு ஏடிபிஎல்லை மறுபடி எழுத வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 75 சதவீதம். தானாகப் படித்துப் போய் உட்கார முடியாது, பள்ளியின் பரிந்துரை வேண்டும், அதற்கும் 12 மாதம்தான் ஆயுள். முதல் தாள் எழுதிய மாதக் கடைசியிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஒரு தாளில் நான்கு முறை தோற்றாலோ, 18 மாதம் தாண்டினாலோ, பாஸான தாள்களும் சேர்ந்து போகும். எல்லாத் தாள்களையும் ஒரே நாட்டுத் துறையின் கீழ்தான் எழுத வேண்டும். இங்கே கூட்டம், பக்கத்து நாட்டில் தேதி கிடைக்கிறது என்று இரண்டை அங்கே எழுதிவிட்டு வர முடியாது. பாஸான பின்னும் நிம்மதியில்லை: 36 மாதத்துக்குள் சிபிஎல்லும் ஐஆரும் கையில் வர வேண்டும். பணம் சேரட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐஆருக்கு ஒரு குறுக்கு வழி இருப்பது உண்மை. ஐரோப்பிய பிபிஎல் அல்லது சிபிஎல்லோடு, செல்லுபடியாகும் அமெரிக்க ஐஆரும் இருந்தால், பயிற்சி வகுப்பு இல்லாமல் நேரே ஸ்கில் டெஸ்டுக்குப் போகலாம். தியரியைத் தேர்வாளர் வாய்மொழியாகக் கேட்டுக்கொள்வார். ஆனால் இன்ஸ்ட்ருமென்ட் விதிகளின் கீழ் 50 மணி பிஐசியாகப் பறந்திருக்க வேண்டும். ஹுட் மாட்டிப் பழகிய 40 மணியைத்தான் புதிதாக வந்தவர்கள் வைத்திருப்பார்கள், அது வேறு. இந்த வழியில் ஐஆர் வாங்கினாலும் ஏடிபிஎல் தேர்வுகள் அப்படியே நிற்கும். "ஐஆர் மாற்றிவிட்டால் தேர்வு இல்லை" என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்.

அலுவலக அலைச்சலில் முதலிடம் வெரிஃபிகேஷனுக்கு. உங்கள் அமெரிக்க உரிமம் உண்மையானதா என்று ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ கிளை உறுதிசெய்ய வேண்டும். அதற்குச் சம்மதம் தர வேண்டியவர் நீங்கள். சம்மதம் தராமல் ஐரோப்பிய அலுவலகம் கேட்டுக்கொள்ளும் என்று இருந்தால் கோப்பு தூங்கும். பதில் போனபின்னும் "வரவில்லை" என்பார்கள். அனுப்பிய தேதியையும் எந்த முகவரிக்குப் போனது என்பதையும் எழுதி வையுங்கள், போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். 120 நாள் தற்காலிகத் தாளை வைத்து விண்ணப்பிக்காதீர்கள், பிளாஸ்டிக் அட்டை வரட்டும். அமெரிக்க அட்டையில் "இங்கிலிஷ் ப்ரொஃபிஷியன்ட்" என்று மட்டும் இருக்கும், எந்த நிலை என்று இருக்காது. நிலை 4 கேட்டு உங்களைத் திருப்பி அனுப்பும் முன், நீங்களே மொழித் தேர்வை எழுதிவிடுங்கள். சின்னச் செலவு.

பள்ளியோடு பேசும்போது: "உங்களுக்குப் பதினைந்து மணி போதும்" என்று மார்க்கெட்டிங் ஆள் சொல்வதற்கு மதிப்பில்லை. குறைப்பை ஏற்றுக்கொண்ட துறையின் கடிதம் வரட்டும், அப்புறம் கட்டுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்கும் பள்ளி நாளை மூடினால், பள்ளி பணம் திருப்பித் தர வேண்டியவர்களின் வரிசையில் நீங்கள் கடைசியில் நிற்பீர்கள். தவணையாக, பறந்த மணிக்கு ஏற்பக் கட்டுங்கள். கட்டணப் பட்டியலில் அட்வான்ஸ்ட் யூபிஆர்டி (நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சி), எம்சிசி (இரண்டு பைலட்கள் சேர்ந்து இயக்கும் பயிற்சி) இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இவை இல்லாமல் ஏர்பஸ், போயிங் போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்குக்குள் நுழைய முடியாது. பெரும்பாலும் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுவார்கள்.

கடைசியாக, ஏஜென்ட் வாயே திறக்காத விஷயம். ஐரோப்பிய உரிமம் ஐரோப்பாவில் வேலை செய்யும் உரிமையைத் தராது. ஐரோப்பிய ஏர்லைன்களின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் அங்கே வாழவும் வேலை பார்க்கவும் தடையற்ற உரிமை வேண்டும் என்ற வரி வழக்கமாக இருக்கும். பாரிஸிலோ ஓஸ்லோவிலோ பிறந்து வளர்ந்து, மணி சேர்க்க மட்டும் அமெரிக்கா போய்வந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வரி ஒன்றும் செய்யாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வருகிறவருக்கு இதுதான் முதல் கேள்வி. பயிற்சிக்கே கூட ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். மேகமும் பனியும் போட்ட குளிர்காலத்தில் தொண்ணூறு நாளில் பயிற்சியும் டெஸ்டும் முடியாது. பள்ளி எந்த விசாவுக்குக் கடிதம் தரும், அது எத்தனை மாதத்துக்கு என்று சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.