உருள்முனை எழுத்துரு: சொல் விளக்கம்

கோட்டு முனைகள் உருண்டு, குறுக்குக் கீற்று இல்லாமல் இருக்கும் எழுத்துரு வகையான 'ரவுண்டட் சான்ஸ் செரிஃப்' என்பதைச் சிலர் 'வட்ட எழுத்துரு' என்று பெயர்க்கிறார்கள். அது குழப்பம் தரும். வட்டெழுத்து என்பது பழைய கல்வெட்டுகளில் காணும் தனி வரிவடிவம். அதோடு, தமிழ் எழுத்துகள் முன்பே வளைந்தவை. இங்கே உருண்டிருப்பது எழுத்தல்ல, கோடு முடிகிற முனை. அதனால் 'உருள்முனை' என்பதே பொருத்தம்.

செரிஃப் என்பது முனையில் குறுக்கே நீளும் சிறு கீற்று. கோடு என்று பொருள்படும் டச்சுச் சொல்லான 'ஸ்க்ரேஃப்'தான் இதன் மூலமாக இருக்கலாம் என்பர். 'சான்ஸ்' பிரெஞ்சில் 'இல்லாமல்'. கீற்றில்லாத ஆங்கில அச்செழுத்தை 1816இல் அச்செழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் கேஸ்லன் லண்டனில் வெளியிட்டபோது அதன் பெயர் 'எகிப்தியன்'. 1832இல் இன்னொரு வார்ப்பாளரான வின்சென்ட் ஃபிகின்ஸின் எழுத்து மாதிரி ஏட்டில் 'சான்ஸ் செரிஃப்' என்ற பெயர் வந்தது. தமிழில் 'கீற்றிலா எழுத்துரு' எனலாம். பெரிய அளவில் வைப்பதற்கான எழுத்துருவைக் குறிக்கும் 'டிஸ்ப்ளே' என்பதற்குக் காட்சி என்பதைவிடத் தலைப்பெழுத்து என்பதே பயன்பாட்டைச் சொல்கிறது.

உருள்முனை வரைவது எளிதாகத் தோன்றும். எழுத்துரு வரையும் கட்டத்தில் கோட்டின் தடிமன் 160 அலகு என்றால் முனைக்கு 80 அலகு ஆரத்தில் அரைவட்டம் போட்டால் போதும் என்று நினைப்போம். ஆனால் நேர்கோடு அரைவட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புடைப்பு கண்ணில் படும். வளைவைச் சற்று முன்னதாகவே மெல்லத் தொடங்க வேண்டும். உருண்ட முனை குட்டையாகவும் தெரியும். அதனால் எழுத்துகள் அமரும் அடிக்கோட்டுக்குக் கீழே சிறிது இறக்கி வரைவார்கள்.

தமிழில் உண்மையான சோதனை சுழிகள்தான். மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டையும் தடித்த கோட்டில் சிறிதாக அச்சிட்டால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைத்துக்கொள்ளும், மணம் மனமாகிவிடும். நல்ல எழுத்துருவில் சுழிக்குள் ஓடும் கோட்டை மட்டும் மெலித்திருப்பார்கள். சாதாரண எழுத்துக்கு வெளிக்கோடு கொடுத்து மூலையை உருட்டிப் 'போல்டு' ஆக்கினால் இந்த மெலிவு கிடைக்காது. கோடு உள்பக்கமும் வீங்கும். அப்படிச் செய்த பதாகைகளில் புள்ளிகூட எழுத்தோடு ஒட்டிவிடுகிறது.

எழுத்துரு வடிவமைக்கும் எக் டைப் குழுவின் 'பலூ தம்பி' உருள்முனை வகைக்குப் பழகிய எடுத்துக்காட்டு. 'பலூ' என்பது இந்தியில் கரடியைக் குறிக்கும் 'பாலூ'. இதன் வெவ்வேறு மொழி வடிவங்களுக்கு, தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபி எழுதும் குர்முகிக்குப் பாஜி என்று உறவுமுறைப் பெயர்கள் வைத்தார்கள். முதலில் ஒரே தடிமனில் வந்தது. 'பலூ தம்பி 2' 400 (சாதாரணம்) முதல் 800 (மிகத் தடித்தது) வரை ஐந்து தடிமன்களில் கிடைக்கிறது. 800ஐக் கடைப்பலகை, குழந்தைநூல் அட்டை, பொட்டலத் தலைப்பு ஆகியவற்றுக்கு வையுங்கள். இரண்டு வரித் தலைப்பென்றால் வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் 1.3 மடங்காவது விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரி 'ழு'வின் கால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். பத்தி எழுத்துக்கு 400ஐக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன்.