'நிறமுள்ள பெண்' என்றால் யார்?

தலைமைப் பயிற்சிக் குறிப்புகளின் தமிழாக்கங்களில் 'நிறமுள்ள பெண் தலைவர்கள்' என்று இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? 'வுமன் ஆஃப் கலர்' என்பதற்குத் தமிழாம் இது.

சொல்லின் கதை சுருக்கமானது. 'கலர்டு' என்பது அமெரிக்காவில் கறுப்பர்களை ஒதுக்கி வைத்த காலத்துப் பலகைகளில் இருந்த சொல். 'வுமன் ஆஃப் கலர்' வேறு. 1977இல் ஹூஸ்டனில் நடந்த தேசிய மகளிர் மாநாட்டில், கறுப்பினப் பெண்களும் மற்றச் சிறுபான்மைப் பெண்களும் சேர்ந்து நிற்க எடுத்துக்கொண்ட பொதுப்பெயர் என்கிறார் செயல்பாட்டாளர் லொரெட்டா ராஸ்.

சரி, தமிழுக்கு வருவோம். நம் ஊரில் 'பொண்ணு நல்ல கலர்' என்றால் சிவப்பு. 'நிறம் கொஞ்சம் கம்மி' என்றால் கறுப்பு. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டாலே தெரியும். ஆக, 'நிறமுள்ள பெண்' என்று படிக்கிறவர் மூலத்துக்கு நேர் எதிராகப் புரிந்துகொள்வார். 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த சென்னைப் பெண் இந்திரா நூயியை அப்படி எழுதிப் பாருங்கள், அபத்தம் விளங்கும். 'வண்ணப் பெண்' இன்னும் மோசம், சேலை விளம்பரம்தான். 'வெள்ளையரல்லாத பெண்' என்பதே தெளிவு. வெள்ளையரை அளவுகோலாக வைக்கிறதே என்பார்கள். நியாயமான குறைதான், ஆனால் பொருள் தலைகீழாவதைவிட அது மேல். யார் என்று தெரிந்தால் கறுப்பினப் பெண், தெற்காசியப் பெண் என்றே எழுதலாமே.

அதே குறிப்புகளில், வேலை அழுத்தத்தால் ஓய்ந்துபோவதைச் சொல்லும் 'பர்ன் அவுட்' ஒரு பக்கம் 'எரிந்துபோதல்', மறுபக்கம் 'மனச்சோர்வு'. உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் இலவச மருத்துவமனை ஊழியர்களைப் பார்த்து எழுதிய சொல் அது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் அதை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. மனச்சோர்வு என்பதோ டிப்ரஷன் என்கிற நோய். அப்படி எழுதினால் குறை வேலை செய்கிற பெண்ணின் மனதோடு போய்விடும், மேலாளர் தப்பித்துவிடுவார். 'பணிச்சோர்வு' என்றால் அதிலிருந்து மீள வேலைச்சுமையும் மாற வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

அப்புறம் 'ஆதென்டிக் லீடர்ஷிப்' 'உண்மையான தலைமை' ஆகிறது. மற்றவர்கள் எல்லாம் போலித் தலைவர்களா? பேச்சின் சாயலையும் முடியையும் பெயரையும் அலுவலகத்துக்காக மாற்றிக்கொள்ளாமல் வழிநடத்துவது பற்றித்தான் அந்தக் குறிப்புகளில் வரும் வெள்ளையரல்லாத பெண் தலைவர்கள் பேசுகிறார்கள். நாள் முழுக்க இன்னொருத்தியாக நடிப்பதும் பணிச்சோர்வுக்கு ஒரு காரணம். 'தன்னியல்பான தலைமை' என்று எழுதினால் அந்தத் தொடர்பாவது கண்ணில் படும்.